ஆடித் தேருக்கு விழுங்கிய மாத்திரை

இங்கே வெளிநாட்டில், பிரேமன் நகரத்தில் என்னோடு வேலை பார்க்கும் மார்கஸ் ஒரு நாள் காலைக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். மனைவிக்கு மாதவிடாய் வலி, வெந்நீர்ப் பை வைத்துப் படுக்க வைத்துவிட்டு வருகிறேன் என்றார், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அனுதாபமாகத் தலையசைத்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்கள். கூச்சத்தில் நெளிந்தது நான் ஒருத்திதான். அன்று எனக்கும் அதே வலி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வலிக்கு ஊரில் சொல்லப்பட்ட ஆறுதல்களுக்குக் குறைவில்லை. கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். ஆனது. ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். அந்தப் பிள்ளைதான் வரவில்லை. ரத்தம் போய்ப் போய், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கடைசியாக ராஜபாளையத்தில் பார்த்த மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வீங்கியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். வன்னியம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். ஏன் வீங்கியது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. என் முறை வருவதற்குள் எனக்கும் கணவருக்கும் இங்கே வேலை கிடைத்துவிட்டது.

மார்கஸ் பேசியதைக் கேட்ட தைரியத்தில் இங்கே ஒரு மருத்துவரிடம் போனேன். நரைத்த தலையும் நிறையப் பொறுமையுமாக ஓர் அம்மாள். எந்த மாதமாவது வலி குறைந்ததுண்டா என்று கேட்டார்.

“ஆடியில். ஜூலை, ஆகஸ்ட்.”

“ஓ, கோடை! வெயில் உங்களுக்கு இதமாக இருந்திருக்கும்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் வெயில் இல்லாத மாதம் எது?

பிறகு உள்ளதைச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்கு ஆடிப்பூரத் தேர் பார்க்க உறவெல்லாம் வந்து இறங்கும். அந்த நேரத்தில் ஒருத்திக்கு மாதவிடாய் வந்து ஒதுங்கி உட்கார்ந்தால், கோயிலுக்கும் போக முடியாது, அடுப்படியிலும் ஆள் குறையும். அதனால் நானும் அக்காவும் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவோம். அதை விழுங்கும் நாளெல்லாம் வலி எட்டிப் பார்க்காது. “ஏட்டி, ஆண்டா கண்ணத் தொறந்துட்டா,” என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “அது ஹார்மோன் மாத்திரை. நான் எழுதித்தர நினைத்ததும் அந்த வகைதான்.”

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்த பிறகு நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் இருக்கவேண்டிய படலம் அதன் தசைச் சுவருக்குள் புகுந்து வளர்வது. இடம் மாறிப் போனாலும் பழைய இடத்தில் செய்ததையே மாதாமாதம் செய்யும், கசியும், வீங்கும். சில மாதங்கள் மருந்தால் அதை அடக்கி, உடம்பில் ரத்தம் ஊறிய பிறகு பிள்ளைக்கு முயலலாம், உறுதி சொல்ல முடியாது, ஆனால் இப்போதைக்கு எடுக்க வேண்டியதில்லை என்றார். எடுக்க வேண்டியதில்லை என்று கேட்டதும் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. அது அக்காவுக்காக வந்த கோபம்.

அவளைத்தான் முதலில் போனில் அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “ஏட்டி, அது ஒன்னயப் போலல்லா இருக்கு! வேற எங்கிட்டோ போயி குடியிருந்துக்கிட்டு, பழைய வீட்டு நெனப்பாவே கெடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் அதுதான் இருந்துச்சான்னு அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லுதியா?”

கேட்டேன். எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த அறிக்கை இருந்தால் சொல்லலாம் என்றார் மருத்துவர். அப்படி ஒன்று அக்காவிடம் இல்லை. எடுத்ததைத் தட்டில் வைத்து அத்தானிடம் காட்டினார்களாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதோடு சரி.

“போகுது விடு,” என்றாள் அக்கா. “எனக்கு ரெண்டு புள்ள இருக்கு. ஒனக்குள்ளத நம்ம ரெண்டு பேருக்குமா பத்திரமா வச்சுக்க.”

எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கர்ப்பப்பை எங்கள் ஊரில் எந்தக் குப்பையில் போனதென்றே தெரியாது. மிச்சமிருக்கும் ஒன்று, மொழி இன்னும் பிடிபடாத இந்த ஊரில், இருவருக்குமாக என்னிடம் இருக்கிறது.