எங்க பக்கத்து ஆளு

எங்கள் அத்தையின் குரல் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பிரசித்தம். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே அவர் யாரையாவது கூப்பிட்டால், கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் தங்களைத்தானோ என்று ஒருமுறை வெளியே எட்டிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அக்கா. கோபம், கொஞ்சல், கோயில் செய்தி எல்லாமே அவருக்கு ஒரே உச்சத்தில்தான் வரும். அப்படிப்பட்டவர் ஒரு பகல் முழுக்கக் கிசுகிசுத்துப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் மாமா, அதாவது அத்தையின் கணவர், சிநேகிதர் ஒருவரின் வேனைக் கேட்டு வாங்கி அத்தையையும் அப்பாவையும் என்னையும் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனார். வட்டவளையிலிருந்து இருட்டோடு கிளம்பி, கினிகத்தேனையில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, கொழும்பின் வெக்கைக்குள் போய்ச் சேர்ந்தோம். எனக்கு யானையும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். சிறுத்தையைப் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் சிறுத்தையைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. லயத்து நாய் காணாமல் போகும். மறுநாள் ஈர மண்ணில் கால்தடம் கிடக்கும். ஆனால் நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அதன் கண் என்ன நிறம் என்று பார்த்து வந்து சொல்வதாக வகுப்பில் வேறு வாக்குக் கொடுத்திருந்தேன்.

சிறுத்தை கூண்டின் கடைசி மூலையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கூட்டம் கம்பி வேலியில் சாய்ந்து கத்தியது. ஒருவர் விசிலடித்தார். வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் போனைத் தூக்கிப் பிடித்தபடி வேலியைத் தட்டினார்கள். எங்கள் மாமா சும்மா இருப்பாரா? என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இப்பப் பாரு, ஒனக்காகத் திரும்ப வைக்கிறேன்" என்று குடையால் கம்பியில் டங்டங்கென்று அடித்தார். அந்த நிமிடத்தில் உலகத்திலேயே பெரிய வீரர் எனக்கு மாமாதான்.

அத்தை வந்து அந்தக் குடையைப் பிடுங்கினார். "இந்தாங்க, நீங்க தூங்கறப்ப யாராச்சும் வந்து ஜன்னல்ல இப்படித் தட்டினா எந்திரிச்சு ஆடுவீங்களா?" என்றார், மெல்லிய குரலில். மாமா அந்தக் குரலைக் கேட்டே பயந்துபோய் என்னைக் கீழே இறக்கிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. இளைஞர்களில் ஒருவன் வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை எறியக் கை ஓங்கியபோது, அத்தை வேலியோரமாகப் போய்க் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மல்லி, சத்த கரன்ன எப்பா. எயா நிதி" என்றார். தம்பி, சத்தம் போடாதே, அவர் தூங்குறார்.

கூட்டம் சிரித்துவிட்டது. சிங்களத்தில் 'எயா' என்பது மனிதர்களுக்குச் சொல்வது. மிருகத்துக்கு வேறு சொல். அப்பா வெட்கத்தோடு, "அக்கா, மிருகத்த அப்படிச் சொல்லக்கூடாது" என்றார்.

"எனக்குத் தெரியும் தம்பி. அவரு வீட்டுக்குத்தானே நாம வந்திருக்கோம்."

போத்தல்காரன் விடவில்லை. சிறுத்தை அக்காவுக்கு ஏதாவது சொந்தமா என்று சிங்களத்தில் கேட்டான். அவனோடு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அவர்கள் ஐந்தாறு பேர். அத்தையோ என் அப்பாவின் தோளுக்குக்கூட வரமாட்டார். அவர் அசையவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. "ஆமா, எங்க பக்கத்து ஆளு" என்று அதே சிங்களத்தில், யாரையோ அறிமுகம் செய்து வைப்பதைப்போலச் சொன்னார்.

அந்தப் பையன் அவரையே பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டான். குழந்தையோடு நின்ற ஒரு பெண் உதட்டில் விரல் வைத்துத் தன் பிள்ளையை அடக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஓய்ந்தது. யாரையும் திட்டாமல், குரலே உயர்த்தாமல், ஒரு கூட்டத்தை அத்தை அடக்கிவிட்டார்.

மற்றவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கப் போனார்கள். நானும் அத்தையும் நின்றோம். வெகுநேரம் கழித்துச் சிறுத்தை தானாகவே எழுந்தது. முதுகை நெளித்துக் கொட்டாவி விட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்து வந்து தலையைத் தூக்கியது. மங்கிய பச்சையில் மஞ்சள் கலந்த கண். நான் வாயைப் பிளந்து நின்றேன். உடனே அத்தை என் கையைப் பிடித்து, "பாத்தாச்சுல்ல, வா. அவரு தண்ணி குடிக்கட்டும்" என்று இழுத்துக்கொண்டு நடந்தார். இவ்வளவு நேரம் காத்திருந்து இவ்வளவுதானா என்று வழியெல்லாம் அவரோடு பேசாமல் வந்தேன்.

நான் வேலைக்குப் போன பிறகு, ஒருமுறை லீவில் வந்து எங்கள் மலையோரம் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். சுற்றுலா வேன் ஒன்று நின்றிருந்தது. ஏழெட்டுப் பேர் பாதையோரம் நின்று, கொழுந்து எடுக்கும் பெண்களை நோக்கிக் கைதட்டினார்கள், "ஹலோ, ஹலோ" என்று கத்தினார்கள். ஒருவர் டொபி மிட்டாயை எறிந்தார். நிமிர்ந்து சிரித்தால் படம் நன்றாக வருமாம். அத்தை அந்தத் தேயிலை நிரையில் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம், இதெல்லாம் எப்போதிருந்து என்று கேட்டேன். தான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்தே உண்டு என்றார் ஒரு அக்கா.

அன்று சிறுத்தைக் கூண்டின் வேலியோரம் நின்று அந்தக் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தபோது அத்தை என்ன கண்டார் என்று நான் கேட்டதில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இன்னும் கொஞ்சநேரம் பார்க்க விட்டிருக்கலாம் என்பதுதான்.