மூன்றாவதாக என்னிடம் சொன்னவர்

ஜபருல்லா இறந்த செய்தி வந்தபோது நான் புக்கிட் தெங்காவில் ஒரு கார்ப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: அதிகாலையில் மாரடைப்பு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கார் தயாராகி, கடல் பாலத்தைக் கடந்து, தீவில் கெலுகோரிலுள்ள அவர் வீட்டை அடைவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. குழுவில் இரங்கல்கள் குவிந்திருந்தன. ‘மாமனிதர்’ என்றார் ஒருவர். ‘நம் பிள்ளைகளின் காவலர்’ என்றார் இன்னொருவர். அந்த இருவரின் கையெழுத்தையும் ஒரு காலத்தில் அவருக்கு எதிரான மனுவில் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பிசியோதெரபிஸ்ட். பகலில் ஒரு கிளினிக்கில் வேலை. மாலையில் எங்கள் இடைநிலைப் பள்ளித் திடலுக்கு வந்து, ஓடுகிற பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை. மகள் அங்கே படித்தபோது வரத் தொடங்கியவர், அவள் படிப்பை முடித்துப் போன பிறகும் வந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பள்ளியில் கணித ஆசிரியர். தடகளப் பயிற்சியும் என் பொறுப்பு.

திடலில் ஐஸ் கிடையாது. கேண்டீனில் பிளாஸ்டிக் குழாயில் உறையவைத்து விற்கும் சிரப் ஐஸைத்தான் அவர் பயன்படுத்தினார். பாதி உறைந்திருந்தால் அது கணுக்காலைச் சுற்றி நன்றாக வளையும் என்பார். ஒத்தடம் முடிந்ததும் பிள்ளைகள் அதைக் கழுவிச் சாப்பிட்டுவிடுவார்கள். விரைவிலேயே திடலில் நொண்டுகிறவர்களின் எண்ணிக்கை பெருகியது.

“அண்ணே, எனக்கும் வலிக்குது லா.”

“எந்தக் கால்?”

“சிவப்பு ஐஸ் இருக்கா, பச்சைதான் இருக்கா?”

“உனக்கு வலி நாக்குல. போ, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா.”

இந்த மாதிரி நேரங்களில் அவருடன் வேலை செய்வது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு பிள்ளை ஓடக்கூடாது என்று முடிவு செய்தால் அவர் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்வார். அடுத்துப் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்வார். அதன் பிறகே பயிற்சியாளரிடம் வருவார். முதல் முறை அப்படி நடந்தபோது நான் சத்தம் போட்டேன்.

“இங்க பயிற்சியாளர் நானா, நீங்களா?”

“நீங்கதான் சார். அதான் மூணாவதா சொல்றேன். இல்லைன்னா சொல்லவே மாட்டேனே.”

“முதல்ல ஏன் சொல்லக்கூடாது?”

“உங்ககிட்ட முதல்ல சொன்னா நீங்க பேசிப் பேசி அவனை ஓட வச்சிருவீங்க. நல்லா பேசுறீங்க சார், கணக்கு வாத்தியார் இல்லையா.”

இதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அது என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

யாழினி ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். நான் பயிற்சி கொடுத்தவர்களில் அவளைப் போல் இன்னொருத்தி இல்லை. மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தால் மாநிலம். மாநிலத்தில் நன்றாக ஓடினால் விளையாட்டுப் பள்ளியில் இடம், விடுதி, முறையான பயிற்சி. அவளுடைய வயதுப் பிரிவில் அதுவே கடைசி ஆண்டு. அவளுடைய அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். பலித்த பிறகு செய்கிற நேர்த்திக்கடனை அவர் முன்கூட்டியே செய்துவிட நினைத்தார். தைப்பூசத்தன்று மகளைப் பால்குடம் எடுக்க வைத்தார். உச்சி வெயிலில், செருப்பில்லாமல், கொதிக்கும் தார் ரோட்டில் தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும். போட்டி அடுத்த சனிக்கிழமை.

பாதம் முழுக்கக் கொப்புளம். ஒன்று சீழ் பிடித்துக் காய்ச்சலும் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். இரண்டு நாள் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. சனிக்கிழமை காலை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. பாதத்துக்குக் கட்டுப் போட்டால் ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

பெயர் அழைக்கும் நேரத்தில் அவளைத் தேடிப் போனால், மார்பில் குத்தியிருந்த எண் துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. சற்றுத் தள்ளி ஜபருல்லா.

“பிள்ளைகிட்ட சொல்லிட்டேன் சார். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.”

“காய்ச்சல் இல்லையே!”

“மாத்திரை போட்டிருக்கா. அது சூட்டைத்தான் இறக்கும். உக்காந்திருக்கும்போதே நாடி எப்படி ஓடுது, பிடிச்சுப் பாருங்க.”

“ஓடினா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாம போகலாம். காய்ச்சலோட ஓடினா கிருமி இதயத்துக்கும் போகலாம்.”

“பால்குடம் எடுத்த பிள்ளைய நிறுத்த இவரு யாரு?” என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினார். “முருகன் பாத்துக்குவாரு சார், நீங்க சொல்லுங்க!”

நான் யாழினியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பேசி ஓடவைக்க எனக்கு நேரமில்லை. பெயரை அழைத்தார்கள், யாரும் போகவில்லை. அவள் எப்போதும் எளிதாக முந்துகிற ஒரு பெண் அன்று முதலாவதாக வந்தாள்.

அடுத்த வாரம் பெற்றோர் சங்கத்தில் சிலர் மனு எழுதினார்கள். மாற்று மதத்தவர் ஒருவர் நம் நேர்த்திக்கடனை அவமதித்துவிட்டாராம். வேண்டுதலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனு என்னிடமும் வந்தது. நான் கையெழுத்திடவில்லை. அவர்களுடைய கோபம் வேறு, என்னுடையது வேறு. தலைமையாசிரியர் ஜபருல்லாவிடம் கொஞ்ச காலம் வரவேண்டாம் என்றார். அவரும் வரவில்லை. பிறகு கால்பந்துக் குழுவில் வரிசையாகப் பிள்ளைகளுக்குக் கால் பிசகியதும், அதே சங்கம் அவரை அழைத்தது. நிபந்தனை ஏதும் போடாமல் வந்தார். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு பல ஆண்டுகள் ஒரே திடலில் பேசிக்கொள்ளாமல் வேலை செய்தோம். சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் மூலம் சொல்லியனுப்பினோம். மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலையில், கேண்டீனில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. நானே கேட்டேன்.

“அன்னிக்கு அவ ஓடியிருந்தா ஏதாவது ஆகியிருக்குமா?”

தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “தெரியாது சார்.”

“தெரியாமலா நிறுத்தினீங்க?”

“தெரியாததாலதான் நிறுத்தினேன். ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சிருந்தா ஓட விட்டிருப்பேனே.”

“அவளுக்குப் போனது போனதுதானே.”

“ஆமா. அது என்னால போச்சு.” குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. தப்பிக்கப் பார்க்கும் தொனியும் இல்லை. “நீங்க கோபமா இருங்க சார். யாராவது ஒருத்தர் இருக்கணும். அவளுக்காக வேற யாரு கோபப்படுறா?”

மழை விட்டதும் எழுந்து போனார்.

அவர் இறந்த அன்று, துக்க வீட்டு வாசலில் யாழினியைப் பார்த்தேன். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலையிலிருந்து நேராக, சீருடையோடு வந்திருந்தாள். இரண்டு குழந்தைகளாம். ஓடுவதில்லையாம்.

“நான் அன்னிக்கு ஓடியிருப்பேன் சார்,” என்றாள். “ஜெயிச்சும் இருப்பேன். அவர்கிட்டயே சொல்லியிருக்கேன்.”

“என்ன சொன்னார்?”

“‘இருக்கலாம்மா’ன்னார். அவ்ளோதான். எனக்குக் கோபம் எப்பவோ போயிருச்சு. உங்களுக்கு?”

“இன்னும் போகலை,” என்றேன். அவள் சிரித்தாள்.

அவர் செய்தது சரி என்று நிரூபிக்க வழியில்லை. தவறு என்றும் நிரூபிக்க முடியாது. இரங்கல் எழுதுகிறவர்கள் அது சரியென்று முடிவாகிவிட்டதைப் போல எழுதுகிறார்கள். அது அவருக்கே பிடித்திருக்காது. எனக்கு மனக்கசப்புகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, எனக்குச் செய்ததைச் செய்தவர்களே மறந்துவிட்டவை. நேரில் கேட்டால் ‘அப்படியா சார்?’ என்பார்கள். ஜபருல்லா மறக்கவில்லை, மறுக்கவில்லை, மன்னிக்கச் சொல்லவும் இல்லை. செய்ததை ஒப்புக்கொண்டு என் எதிரிலேயே நின்றார். அவர் மேல் எனக்கிருக்கும் கோபத்தை நான் விட்டுவிடப் போவதில்லை. அது ஒன்றுதான் நேர்மையாக எனக்குக் கிடைத்த கோபம்.