பேசியவர்கள் பட்டியல்

எனக்கு இரைச்சல் ஆகாது. பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்பு ஆசிரியைக்கு இப்படி ஒரு காது வாய்த்தது தலையெழுத்துதான். அதனால் நான் வகுப்பில் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையை வகுப்புத் தலைவியிடம் விட்டிருந்தேன். நான் படித்த காலத்திலும் இதே வழக்கம்தான். திரும்பி வந்ததும் பெயர் உள்ளவர்கள் வராந்தாவில் போய் நிற்க வேண்டும். விசாரணை எல்லாம் கிடையாது.

போன வருடம் முதல் பருவம் முழுக்க ஒரு பெயர் தவறாமல் இருந்தது. கங்கைகொண்டானிலிருந்து பஸ்ஸில் வரும் புதுப் பெண். இருக்கிற இடம் தெரியாமல் இருந்துகொண்டு என்ன வாய் இவளுக்கு என்று எரிச்சலாக வரும். "வெளியே போ" என்பேன். மறுபேச்சில்லாமல் போய் நிற்பாள்.

காலாண்டு விடுமுறை முடிந்த அன்று அவளுடைய அம்மா டிசி கேட்டு வந்தார். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"இவ்வளவு வாய் இருந்தா எங்க போனாலும் கஷ்டந்தாம்மா" என்றேன். டீச்சர் என்கிற திமிர், வேறென்ன.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "இவகூட யாரும் பேசக்கூடாதுன்னு பிள்ளையள் எல்லாம் பேசி வச்சிருக்கு டீச்சர். ஜூன்லருந்து ஒருத்தியும் பேசல. இவ யார்ட்ட பேசுனான்னு ஒருநாளாவது கேட்டியளா?"

கேட்கவில்லை.

தலைவியைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏட்டி, உண்மையச் சொல்லு. அவ பேசுனாளா?"

"இல்ல டீச்சர்."

"பொறவு ஏன் எழுதுன?"

"மத்தவ பேர எழுதுனா சண்டைக்கு வருவாவ. அவ பேர எழுதுனா யாரும் வர மாட்டாவ. நீங்களும் ஒண்ணும் கேக்க மாட்டிய."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சாக்பீஸை அவள் கையில் கொடுத்தவளே நான்தான்.

அந்த அம்மாவிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினேன். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இனிப் பெயர் எழுதுவது கிடையாது என்றேன். முதல் பெஞ்சில் இடம் கொடுத்தேன். அப்பாடா, சரியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இடைவேளை மணி அடித்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் வராந்தாலயே நிக்கட்டா? அங்கன நின்னா யாரும் என்னைய ஒண்ணும் செய்ய மாட்டாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்ட்டி. இனிமே நான் இங்கனயேதான் இருப்பேன்."

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரி நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன்?