சில்வர் ஓக் மரத்துப் படை

வாழவந்தி நாடு என்ற மலையூரில் ஒரு மிளகுத் தோட்டத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது மரம் சுரண்டும் சத்தம் கேட்டது. நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறவள். பாறையிலும் மரப்பட்டையிலும் பொருக்குப் போல ஒட்டிப் படரும் லைக்கன்களைப் பார்க்கத்தான் மலைக்கு வந்திருந்தேன். தோட்டத்துக்குள், ஏறக்குறைய என் வயதுள்ள பெண்ணொருத்தர் சில்வர் ஓக் மரத்தை அரிவாளால் சுரண்டிக்கொண்டிருந்தார். மரத்தைப் பற்றி ஏறியிருந்த மிளகுக் கொடியின் வேர்களும் பட்டையோடு பிய்ந்து விழுந்தன.

“எதுக்குங்க சுரண்டறீங்க?”

“மரத்துக்குப் படை புடிச்சிருக்குதுங்க. கொடி வாடறது இதுனாலதான். சுரண்டியும் போகலீன்னா மரத்தையே வெட்டிப்போடலாம்னு எங்கூட்டுக்காரர் சொல்லிட்டாருங்க.”

பையிலிருந்த லென்ஸை எடுத்துக் கொடுத்தேன். சாம்பல் வெள்ளைத் திட்டின்மேல் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் லேசாகக் கீறி, தண்ணீர் தெளித்தேன். கீறிய இடத்தில் பச்சை தெரிந்தது.

“இது நோய் இல்லீங்க. பூஞ்சையும் பாசியும் ஒண்ணா வாழுது. பாசி வெயில்ல சோறு ஆக்கும், பூஞ்சை ஊடு கட்டிக் குடுக்கும். மரத்துகிட்ட ஒண்ணும் கேக்காது.”

பேச்சு வேகத்தில் பக்கத்து மரத்திலிருந்த பளிச்சென்ற வெள்ளையைக் காட்டி, “இது வேற வகை” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“அது சுண்ணாம்புங்க! ஊட்டுக்கு அடிச்ச கைய நாந்தான் தொடச்சேன்.”

தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், விரலோடு வந்துவிட்டது. லைக்கன் என்றால் பட்டையைச் செதுக்காமல் வராது. வெட்கமாக இருந்தாலும் நானும் சிரித்தேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, மேட்டிலிருந்த மரங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். “அங்க படை இன்னும் அதிகமா இருக்குதுங்க. கொடி நல்லாத்தான் இருக்குது. அப்ப இது ஏனுங்க வாடுது?”

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

அவர் குத்துக்காலிட்டு வாடிய கொடியின் அடியைக் கிளறினார். மண் சொதசொதவென்றிருந்தது. வேர் கறுத்து அழுகி நாறியது. மழைக்கு முன் கட்டிய கல்வரப்பு தண்ணீரைப் போகவிடாமல் மறித்திருந்தது. நான் பத்து நிமிஷமாக நின்றுகொண்டிருந்த இடம் அது. காலடி ஈரத்தைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் கணவரைக் கூப்பிட, இருவருமாக வரப்பில் இரண்டு கற்களைப் பெயர்த்து வழி விட்டார்கள். தேங்கியிருந்த நீர் மெதுவாக இறங்கியது.

அடுத்த வருஷம் போனபோது மரம் நின்றிருந்தது. அந்தக் கொடியும் அடுத்த கொடியும் பட்டுப்போயிருந்தன, மற்றவை தப்பிவிட்டன. அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கிணற்றோரப் பாறையில் தாமே கண்டுபிடித்த மஞ்சள் திட்டு ஒன்றைக் காட்டினார்.

“தண்ணி தெளிச்சுப் பார்த்துட்டேனுங்க. தேச்சாலும் வரல.”

அதன் பெயர் எனக்கு அன்று தெரியவில்லை. இருவரும் மண்டியிட்டு, லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.