ஆனைப்புளி சர்பத்தும் ஐந்து வரிப் பாடமும்

கதவு தட்டி விற்கிறவனுக்குக் கால் வலிப்பதைவிட வாய் வலிப்பதுதான் அதிகம். சித்திரை வெயிலில் பையைத் தூக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒத்துக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஆனைப்புளி சர்பத் விற்றேன். ஆனைப்புளி என்பது ராமநாதபுரம் பக்கம் வளரும் பெருத்த மரம். காய்க்கு மரக்கட்டை போல ஓடு, உள்ளே மாவு மாதிரி வெள்ளைச் சதை, நல்ல புளிப்பு. முதலாளி ஐந்து வரி மனப்பாடம் செய்யச் சொன்னார்: வைட்டமின் சி உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு, சூடு தணியும், செரிமானம் ஆகும். கூடவே, மாசக் கடைசிக்குள் ஒரு முழுப் பெட்டி போகாவிட்டால் வேலை கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

ராஜகீழ்ப்பாக்கத்து அம்மா

ஒரு டீச்சர் அம்மா ஐந்து வரியையும் பொறுமையாகக் கேட்டார். சாம்பிளைத் தூக்கிக் குடித்தார், புளிப்பில் ஒரு கண்ணை மூடினார், டம்ளரைக் கழுவியும் கொடுத்தார். வாங்கத்தான் போகிறார் என்று பாட்டிலை எடுத்துத் துடைத்தேன்.

"இவ்ளோ நல்லதுன்னா டாக்டரே எழுதிக் குடுப்பாரே சார், நீங்க ஏன் இந்த வெயில்ல அலையறீங்க?"

அனகாபுத்தூர் அக்கா

தறி ஓட்டும் அக்கா ஒருவர் இருமிக்கொண்டே கேட்டு, பாவம், நம்பி வாங்கினார். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்று சொல்ல மறந்தது என் தப்பு. சதையில் இருக்கும் வைட்டமின் சி, பாகு காய்ச்சும் சூட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் நான் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் தெருமுனையிலேயே மடக்கிவிட்டார்.

"இன்னா சார், மூணு வேளையும் மூடில ஊத்தி ஊத்திக் குடிச்சேன், இருமல் அப்டியேதான் கீது, பாட்டில்தான் காலி!"

மேற்குத் தாம்பரத்து வாத்தியார்

மாசக் கடைசி நாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் முழுப் பெட்டியையும் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவர் மனைவி எனக்குச் சர்க்கரை போட்ட காபியும் அவருக்குப் போடாத காபியும் கொண்டுவந்து, "இவருக்குப் பத்து வருஷமா சுகர். நல்ல மருந்தா கொண்டுவந்திருக்கீங்க" என்றார்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பழம் நல்லதுதான், ஆனால் பாட்டிலில் பாதிக்கு மேல் சீனி. வேலையை நினைத்து ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, பெட்டியைத் திரும்ப சைக்கிளில் கட்டினேன். வாத்தியார் கேட் வரைக்கும் வந்து, உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"சீனி இருக்குன்னு எனக்குத் தெரியாதா தம்பி? மருந்துன்னு சொன்னாதான் எங்க வீட்ல ஒரு ஸ்பூன் இனிப்பு கிடைக்கும்."

வியாபாரம் தெரியாதவன் என்று முதலாளி அன்று சாயங்காலமே என்னை நிறுத்திவிட்டார். வாத்தியாரைக் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.