நிறுத்தக் கூடாத வண்டி

பதினோராயிரம் வோல்ட் கம்பியின் மேல் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டவன் நான். கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்னி மட்டும் கொஞ்சம் சூடாகிவிட்டது.

நம்பவில்லை அல்லவா? வேண்டாம். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிக் கதை என்னிடம் இருநூறு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி என் கைச்சரக்கு. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மூன்று நாற்பதிலிருந்து நான்கு பதினொன்று வரை நடந்ததில் ஒரு சிட்டிகை உப்புகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இருக்கவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்பாதவள் ஒருத்திதான். என் மகள் சௌமியா. பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள். அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவளும் அவள்தான்.

வண்டி என்றால் பழைய வெள்ளைக் கார். கனகம்மாசத்திரத்தில் ஒரு புரோக்கர் மூலம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திருத்தணி முருகன் மலைக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முறைப்படி பூஜை போட்டாயிற்று. இன்ஜின் தங்கம். குறை ஒன்றே ஒன்று. டேஷ்போர்டில் இருந்த சிடி பிளேயர்.

ரேடியோ பாடும். பென்டிரைவ் செருகினால் பாடும். ஆனால் பழைய சொந்தக்காரர் போட்ட டிஸ்க் ஒன்று உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே தள்ளும் பட்டனை அழுத்தினால் 'க்ர்ர்ரிக்… க்ர்ர்ரிக்…' என்று முனகிவிட்டு ஓய்ந்துவிடும். டிஸ்க்கைப் பாடு என்றால் அதன் சின்னத் திரையில் 'எரர்' என்று எழுதிக் காட்டும். நானும் வெண்ணெய்க் கத்தி, புருவம் பிடுங்கும் இடுக்கி எல்லாம் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

"ட்ரான்ஸ்பார்மரையே மொறைச்சு பாத்து ஆஃப் பண்ணுவேன்னு சொல்லுவியேப்பா. இந்தப் பொட்டிகிட்ட ஜம்பம் பலிக்கலியா?" என்றாள் சௌமியா.

"அது பொட்டி இல்லம்மா, எருமை. எருமைய மொறைச்சா பிரயோஜனம் இல்ல" என்றேன்.

ஆவணியில் அவளுக்கு ஒன்பதாம் மாதம். ஆர்.கே.பேட்டையில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் நான் அவளைத் திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மருமகன் சுதாகருக்கு அன்று கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டான். ஆரத்தி கரைத்து வைக்க என் மனைவி கௌரியம்மாள் உறவுக்காரர்களோடு முன்னாலேயே வேனில் ஏறிவிட்டாள். ஏறுவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வாசல் வந்து சேரணும். வழியில எங்கயும் நிறுத்தாத."

"டீ குடிக்க…"

"செத்தாலும் நிறுத்தாத. வளைகாப்பு போட்ட பொண்ண நடுரோட்ல நிறுத்தினா எதுனா கூட ஏறிக்கும். திரும்பியும் பாக்காத. யாரு கூப்ட்டாலும் நேரா வாசல். புரிஞ்சுதா?"

"ஆங்."

"ஆங்னு சொல்லிட்டு எவனாச்சும் கை காட்டினா கதை பேச எறங்கிடாத."

மூன்று நாற்பதுக்குக் கிளம்பினோம். வண்டியில் நாங்கள் இரண்டே பேர். எனக்குப் பின்னால் சௌமியா. அவளுக்குப் பக்கத்து சீட் முழுக்கத் தாம்பாளங்கள், மிஞ்சிய புளிசாதம், பூ. கை நிறைய கண்ணாடி வளையல். முகத்தில் சந்தனம். கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு வந்தாள். "இடுப்பு ஒரு மாதிரி கீதுப்பா. காலைல இருந்து உக்காந்தே இருந்தேன்ல" என்றாள். பிறகு பேச்சு இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து ரேடியோவை அணைத்தேன்.

மூன்று ஐம்பத்தி இரண்டு.

'க்ளிக்… ஸ்ஸ்ஸ்ஸ்…'

பிளேயருக்குள் டிஸ்க் சுழல ஆரம்பித்தது. நான் எதையும் தொடவில்லை. திரையில் 'எரர்' இல்லை. 'ட்ராக் 1' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஓட வேண்டிய நேரம் 0:00-விலேயே நின்றுகொண்டிருந்தது.

எருமை எழுந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. பாட்டு வரும் என்று காத்திருந்தேன்.

பாட்டு வரவில்லை. வளையல் சத்தம் வந்தது.

சௌமியாவின் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் கை இரண்டும் மடியில் கிடந்தன. அசையவில்லை. சத்தம் முன்கதவு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

சிலுங்… சிலுங்…

பிறகு மூச்சு. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

பிறகு, "நைனா…"

எங்கள் வீட்டில் யாரும் நைனா என்று கூப்பிடுவதில்லை. சௌமியாவுக்கு நான் அப்பா. பிறந்ததிலிருந்து அப்பா.

"நைனா… வண்டிய நிறுத்து."

சத்தக் குமிழைக் குறைத்தேன். பூஜ்யம் வரை திருகினேன். குரல் குறையவில்லை. பவர் பட்டனை அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

"கொஞ்சம் நிறுத்து நைனா."

அந்த மாதிரி பிளேயரில் முன்பலகையைத் தனியாகக் கழற்றலாம். திருட்டு பயத்துக்காகச் செய்து வைத்தது. ஒரு கையால் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். டேஷ்போர்டில் இப்போது வெறும் ஓட்டை.

ஓட்டைக்குள்ளிருந்து, "முடியல நைனா."

சட்டைப் பைக்குள் நீல விளக்கு எரிந்தது.

இரண்டு தரம் கூப்பிட்டால் பேய், மூன்று தரம் கூப்பிட்டால் மனுஷன் என்பார்கள். அது பதினோரு தரம் கூப்பிட்டது. நான் எண்ணினேன். வேறென்ன செய்ய? கௌரியம்மாள் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் நிறுத்தாதே. இதோ கூப்பிடுகிறது. நிறுத்தினால் ஏறிக்கொள்ளும். என் பிள்ளை மேல். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை மேல். முருகா முருகா என்று மிதித்தேன். எண்பது.

மூன்று ஐம்பத்தெட்டு. ஃபியூஸ் பெட்டி வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். விரலால் தடவியே ஃபியூஸை அடையாளம் சொல்லுவேன். இதில் மிகை இல்லை, தொழில். பத்து ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கினேன். டேஷ்போர்டு கடிகாரம் அணைந்தது.

குரல் அணையவில்லை.

முப்பத்தாறு வருடம். எந்தக் கரண்ட்டும் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு பேசியதில்லை. இனி மிச்சம் ஒன்றுதான். பேனட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். அதற்கு வண்டியை நிறுத்த வேண்டும்.

நிறுத்தக் கூடாது.

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அறுபத்து மூன்று வயதில், கார் ஓட்டிக்கொண்டே, சத்தம் வராமல் அழுதேன்.

கைக்கடிகாரத்தில் நான்கு நான்கு. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டினோம். அங்கே குரல் கத்தியது. "இங்க… இங்க நிறுத்து நைனா…"

தாண்டிவிட்டேன்.

ஏரிக்கரை வந்தது. குரல் நின்றது.

நிம்மதி என்று நினைக்கிறீர்களா? அந்த அமைதி இருக்கிறதே…

நான்கு ஒன்பது.

டுப்டுப்டுப்டுப்…

எனக்குத் தெரிந்த சத்தம். ஐந்தாம் மாதம் சௌமியாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போனபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் இதயம். குதிரை ஓடுவது மாதிரி.

டுப்டுப்… டுப்டுப்…

குதிரை களைத்தது.

டுப்…

டுப்……

கண்ணாடியைப் பார்த்தேன்.

சௌமியா தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பட்டுப்புடவையின் மடி கறுப்பாக நனைந்திருந்தது.

நான்கு பதினொன்று.

நிறுத்தினேன்.

சத்தம் நின்றது.

வண்டியைத் திருப்பினேன். திரும்பக் கூடாத வழியில், பார்க்கக் கூடாத திசையில், ராகு காலத்தை நோக்கி ஓட்டினேன். சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு பார்வையில் புரிந்துகொண்டு ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் தானும் ஏறிக்கொண்டார். ஐந்து இருபதுக்குத் திருத்தணி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இரண்டு கிலோ நூறு கிராம், பெண் குழந்தை. கவிப்பிரியா.

"இவ்ளோ ரத்தம் போற வரைக்கும் பின்னாடி பாக்காம எப்படிங்க ஓட்டினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சட்டைப் பையில் இருந்த முன்பலகையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

சௌமியா தேறிய பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள்.

"நான்தான்பா கத்தினேன். நிறுத்து நிறுத்துன்னு. நீ பயத்துல பொட்டி பேசுதுன்னு நெனச்சுகினு இருந்திருக்க."

"நைனான்னு கூப்ட்டியே?"

"வலியில வாய்க்கு எது வருதோ அது."

"ஃபியூஸ புடுங்கின அப்பறமும்…"

"என் தொண்டைக்கு ஃபியூஸ் கெடையாதுப்பா."

கௌரியம்மாள்கூட என் பக்கம். இவள் மட்டும் அசையவில்லை.

அடுத்த வாரம் அரக்கோணம் ரோட்டில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் பிரேம்குமாரிடம் போனேன். பிளேயரைக் கழற்றி, பிரித்து, டிஸ்க்கை எடுத்தான். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"சார், இது பாட்டு டிஸ்க் இல்ல. ஸ்கேன் சென்டர்ல குடுக்கறது."

மேலே மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. 'துர்கா, 24 வயது.' கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். நான்கு படங்கள். வயிற்றுக்குள் சுருண்டு படுத்திருக்கும் ஒரு குழந்தை. ஒலி என்று எதுவும் அதில் பதிவாகவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் பழைய சொந்தக்காரர் பெயர் இருந்தது. ஆறுமுகம், அம்மையார்குப்பம். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் கிளம்பினேன். சௌமியாவும் குழந்தையோடு வந்தாள். "அந்த மனுஷங்கிட்ட போய் உன் கதைய அவுத்து விடாத. நோவும்" என்று வழி முழுக்க எச்சரித்துக்கொண்டே வந்தாள்.

விசைத்தறி போட்டிருந்தார். என் வயதுதான். டிஸ்க்கில் இருந்த பெயரைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். எங்களை உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை.

"என் பொண்ணுங்க" என்றார். "திருத்தணில குடுத்திருந்தோம். வளைகாப்பு முடிஞ்சு கூட்டிகினு வந்தேன். பாட்டு போடலாம்னு கவர்ல இருந்து ஒன்ன எடுத்து சொருகினேன். அது ஸ்கேன் டிஸ்க்குன்னு தெரியல. மாட்டிகிச்சு. பின்னாடி அவ நிறுத்து நைனா, நிறுத்து நைனான்னுகினே வந்தா. வழியில நிறுத்தக்கூடாதும்மா, வாசல் வரைக்கும் பொறுத்துக்கோன்னேன். ஏரிக்கரையாண்ட பேச்சு நின்னுது. தூங்கிட்டான்னு நெனச்சு… வாசல்ல நிறுத்தி, ஆரத்தி தட்டோட கதவ தொறந்தோம்."

எனக்குத் தாங்கவில்லை. சௌமியா என் முழங்கையைக் கிள்ளக் கிள்ள, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வளையல் சத்தம், குரல், ஏரிக்கரை, இதயம், எல்லாம்.

அவர் நின்றபடியே கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு, சௌமியாவுக்கு முன்னால் தரையில் குந்தினார்.

"தாயே. பெரியவர் எனக்காக சொல்றாரா, நெசமாவே நடந்துச்சான்னு எனக்கு தெரியணும். அன்னைக்கு கத்தினது நீதான?"

சௌமியா குழந்தையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க" என்றாள். "எனக்கு நாக்கு அசையல. அப்பாவ கூப்பிடணும்னு மனசு கெடந்து அடிச்சுகிச்சு, வாய் தொறக்கல. அவங்கதான் கூப்ட்டாங்க. நானும் கேட்டுகினுதான் இருந்தேன்."

ஆறுமுகத்தின் தோள் குலுங்கியது. சௌமியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கெளம்பின கொஞ்ச நேரத்துல இருந்து யாரோ என் கைய புடிச்சுகினு இருந்தாங்க. வண்டி நின்ன அப்பறம்தான் விட்டாங்க."