யார் என்று காட்டும் என்று ஜெபித்தேன்

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, ஒரு தாயாகவும் ஒரு டீச்சராகவும் நான் தோற்றுப்போன ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆண்டவர் என்னைத் தோற்கவிட்டுத்தான் தூக்கி நிறுத்தினார். அந்தப் பெருமையை மூடி வைக்க எனக்கு மனமில்லை.

போன வருடம் மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. நான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் கருப்பசாமி அண்ணாச்சி வந்து நின்றார். பசுவந்தனைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிறவர். அவர் குடும்பம் சபைக்கு வருவதில்லை. ஆனால் அவர் மகள் முத்துச்செல்வி, கோவில்பட்டியில் பிளஸ் டூ படிக்கிறவள், இரண்டு வருடமாக எங்கள் சபையில் நான் நடத்தும் வாலிபர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். பள்ளித் தோழி ஒருத்தி கூட்டிவந்தாள். அண்ணாச்சியும் தடுக்கவில்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எம்மவ இனிமே உங்க வகுப்புக்கு வரமாட்டா டீச்சர். பள்ளிக்கூடத்துக்கும் போகமாட்டா. சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றையிலிருந்து பதினோராம் நாள் அந்தப் பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வு. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள். நர்சிங் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"நேத்து உங்க அசன விருந்துல ஒரு பய குடிச்சிட்டு அவ கையப் பிடிச்சு இழுத்திருக்கான். வளவி ஒடஞ்சு கை கீறியிருக்கு. யாருட்டின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. அதுக்குள்ள ஊருக்குள்ள பேச்சு வந்துட்டு. இங்கன நல்ல பழக்கம் சொல்லிக் குடுப்பாவன்னுதான டீச்சர் அனுப்புனேன்?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திரும்பிப் போன பிறகு நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

என் வகுப்பைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடமாக எடுக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம், சபை ஹாலில், முப்பது பிள்ளைகள். பையன்களைத் தனியாக உட்கார வைத்துக் குடியைப் பற்றிப் பேசுவேன். பெண் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து அடக்கம், ஒழுக்கம், உடுப்பு, பேச்சு, பார்வை. வருடக் கடைசியில் உறுதிமொழி அட்டையில் கையெழுத்து வாங்குவேன். பையன்களுக்கு நீல அட்டை, பிள்ளைகளுக்கு ரோஸ் அட்டை. மற்ற சபைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

ஒரு நாள் முத்துச்செல்வி கேட்டாள், "டீச்சர், எங்களுக்குச் சொல்லுத பாடத்த அவனுகளுக்கு எப்பச் சொல்லுவீங்க?"

"அவனுகளுக்கு எதுக்குட்டி? நீங்க ஒழுங்கா இருந்தா அவனுகளும் ஒழுங்கா இருப்பானுக" என்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நல்ல பதில் சொல்லிவிட்டதாக நினைத்து நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இனி அசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும் எங்கள் சபையில் அசனம் வைப்போம். சாதி, வீடு, ஊர் பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சபைக்கு வராதவர்களும் வருவார்கள். சமையல் ஆண்கள் வேலை. என் வீட்டுக்காரர்தான் சமையல் கோஷ்டிக்குத் தலைவர். பெரிய அண்டாக்கள், சுட்டெரிக்கிற அடுப்பு, பக்கத்தில் ஓலை மறைத்த ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகைக்குள் சமையல்காரர்களுக்கென்று பாட்டில் இருக்கும். சாமான் பட்டியலின் கடைசியில் 'இதர' என்று எழுதியிருப்பார்கள். சபையில் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். போதகர் ஐயாவுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்துகொண்டார். "அடுப்புச் சூட்டுல நிக்குத மனுசனுக்கு வேணும்லா" என்பார் என் வீட்டுக்காரர். வருடத்தில் அந்த ஒரு நாள்தானே என்று நானும் விட்டுவிட்டேன். சனிக்கிழமை குடியைப் பற்றி முழங்குவேன். ஞாயிற்றுக்கிழமை ஓலை மறைப்பைப் பார்க்காமல் நடப்பேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் லட்சணம் இதுதான்.

அண்ணாச்சி வந்துபோன அன்றே விசாரிக்க ஆரம்பித்தேன். முத்துச்செல்வி உடைந்த வளையலோடு கொட்டகைப் பக்கமிருந்து அழுதுகொண்டு வந்ததை இரண்டு பெண்கள் பார்த்திருக்கிறார்கள். பையன் யாரென்று அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவரை போதுமென்று, "பொம்பளப் பிள்ளைக்கு அங்கன என்ன சோலி?" என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டார்கள். இலைக்கட்டு எடுத்துவரச் சொல்லி அவளை அங்கே அனுப்பியதே நான்தான். அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு என் வகுப்புப் பையன் ராஜன் மேல் சந்தேகம். அவன் அப்பா குடிக்கிறவர். அவனும் கொஞ்சம் முரடன். செவ்வாய்க்கிழமை நாலைந்து பிள்ளைகள் முன்னால் வைத்தே கேட்டேன், "ஏலே, உண்மையச் சொல்லு. நீதான?"

அவன் என்னைப் பார்த்தான். "இல்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னான். நான் நம்பவில்லை. அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு உபவாசம் போட்டேன். இரண்டு நாள், பகலில் தண்ணீர் மட்டும். ஆபீசில் பெட்டி அடுக்கும்போதும் வாய்க்குள் ஒரே ஜெபம். "ஆண்டவரே, அவன் யார் என்று காட்டும். அந்தப் பிள்ளை படிப்பு நின்றுவிடக் கூடாது. நீர் காட்டினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்." என் ஜெபமே எவ்வளவு தலைக்கனம் பிடித்தது பாருங்கள்!

வியாழக்கிழமை சாயங்காலம். குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். நான், வீட்டுக்காரர், என் ஒரே மகன் எபி. அவனும் பிளஸ் டூ. மனப்பாட வசனப் போட்டியில் தொடர்ந்து பரிசு வாங்குகிறவன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு மெய்யாகவே பொன் என்று நான் நம்பியிருந்தேன். முத்துச்செல்விக்காக ஜெபித்து முடித்தேன். வீட்டுக்காரர் ஆமென் சொன்னார். எபி சொல்லவில்லை.

"என்னல, தூங்கிட்டியா?"

தலையைக் குனிந்தபடி சொன்னான். "அம்மா, நான்தாம்மா அது."

அவன் சொல்லிக்கொண்டே போனான். தண்ணீர்க் குடம் வைக்கக் கொட்டகைக்குள் போனானாம். பாட்டில் இருந்ததாம். என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று குடித்தானாம். இலைக்கட்டு எடுக்க அவள் வந்தாளாம். பேச வேண்டும் என்று கையைப் பிடித்தானாம். "விடு எபி" என்று அவள் மூன்று தடவை சொன்னாளாம். விடாமல் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அவன் உடைந்து அழுதான்.

அவள் ஏன் பெயர் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. டீச்சர் மகன். யார் நம்புவார்கள்?

என் வீட்டுக்காரர் எழுந்து கதவைச் சாத்தினார். "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் பரீச்ச வருது. வெளிய தெரிஞ்சா இவன் பேரு என்னாகும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அதே எண்ணம்தான். ராஜன் மேல் ஏற்கெனவே பழி இருக்கிறது, அப்படியே போகட்டும் என்றுகூட மனது சொன்னது. பெற்ற வயிறு எவ்வளவு பொல்லாதது! நான் சமையலறைக்குள் போய் முழங்காலில் விழுந்தேன். இந்தத் தடவை "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லவில்லை. "ஆண்டவரே, அவன் வாயை நீர் திறந்தீர். அதை நான் மூடிவிடாதபடி என்னைக் காத்துக்கொள்ளும்" என்று மட்டும் கேட்டேன்.

வெளியே வந்து எபியிடம் கேட்டேன், "நாளைக்கு அவிய ஊருக்குப் போறேன். வாரியா?"

"வாரேம்மா" என்றான். "ஆனா நீங்க பேசக் கூடாது. நான்தான் பேசணும்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் களத்தில் உளுந்து தூற்றிக்கொண்டிருந்தார்கள். எபி அவர் முன்னால் போய் நின்றான்.

"பெரியப்பா, முத்துச்செல்வி கையப் பிடிச்சு இழுத்தது நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. விடச் சொன்னா, நான் விடல."

அண்ணாச்சி சுளகைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் குறுக்கே போயிருக்க மாட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான். "குடிச்சிருந்தியோ?"

"ஆமா. ஆனா பாட்டில் கையப் பிடிக்கல பெரியப்பா. நான்தான் பிடிச்சேன்."

என் ஆண்டவரே, அந்த ஒரு வார்த்தைக்காக உமக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்! எத்தனையோ மேடையில் அவன் வசனம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு உளுந்துத் தூசிக்குள் நின்று அவன் சொன்னதைக் கேட்டபோது வந்த பெருமை எனக்கு எந்த மேடையிலும் வந்ததில்லை.

முத்துச்செல்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இங்கன சொன்னா போதாது டீச்சர். என்னயப் பேசுனது அங்கன. அங்கன வச்சுச் சொல்லணும்."

பதினேழு வயதுப் பிள்ளை. நிமிர்ந்து நின்று கேட்டாள். நான் அடக்கம் என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த நிமிர்வுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயாவிடம் அனுமதி வாங்கி எபி முன்னால் போனான். எல்லாவற்றையும் சொன்னான். முத்துச்செல்வி பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். ராஜன் பெயரைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்டேன். கருப்பசாமி அண்ணாச்சி வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது நான் ஜெபிக்காத ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் எழுந்தார். சபையில் வாயே திறக்காத மனுஷன்.

"அந்தப் பாட்டில வாங்கி வச்சது நான்" என்றார். "வருசா வருசம் நான்தான் வாங்குதேன். இனிமே அந்தக் கொட்டகைக்குள்ள அது வராது." உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆராதனை நடுவில் அப்படிப் பிடிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. பரவாயில்லை என்றிருந்தது.

திங்கட்கிழமை முத்துச்செல்வி பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏறினாள். அண்ணாச்சியே கொண்டுவந்து ஏற்றிவிட்டார். செய்முறைத் தேர்வும் எழுதினாள், பெரிய தேர்வும் எழுதினாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் காட்டிய வழியில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முத்துச்செல்வி எபியோடு பேசுவதில்லை. அது அவள் உரிமை. அவனும் அதை வற்புறுத்துவதில்லை. சமையல் கோஷ்டியில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு, "இனி நீங்களே பொங்கித் தின்னுங்க" என்று போய்விட்டார்கள். இந்த வருட அசனத்தில் ராஜனும் மற்றப் பையன்களும்தான் என் வீட்டுக்காரரோடு அடுப்பில் நின்றார்கள். குடம் குடமாக மோர் கொடுத்தோம். சோறு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீல அட்டையும் ரோஸ் அட்டையும் இப்போது கிடையாது. பையன்களும் பிள்ளைகளும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே பாடம் கேட்கிறார்கள். 'விடு' என்று ஒருவர் சொன்னால் விட வேண்டும் என்பதை முதலில் பையன்களுக்குச் சொல்கிறேன். உன் சரீரமும் அவள் சரீரமும் ஆண்டவர் தங்குகிற வீடு, அதில் அனுமதி இல்லாமல் கை வைக்காதே என்கிறேன். குடியைப் பற்றிச் சொல்லும்போது கொட்டகையைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன். எபியே சில நாள் எழுந்து பேசுவான். சின்னப் பையன்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

பிள்ளைகளைப் பெற்றவர்களே, வகுப்பு எடுக்கிறவர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைகளுக்காகத் தைரியமாக ஜெபியுங்கள். பதில் உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். வெட்கப்படுத்துகிற தேவன் அல்ல அவர். வெட்கத்துக்குள் நடத்திக் கொண்டுபோய் அந்தப் பக்கம் கரை சேர்க்கிறவர். என் குடும்பம் அதற்குச் சாட்சி.

போன சனிக்கிழமை வகுப்பு தொடங்குகிற நேரம். கருப்பசாமி அண்ணாச்சி ஹால் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை. முத்துச்செல்வியின் தங்கை, எட்டாம் வகுப்பு படிக்கிறவள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இவளையும் சேத்துக்கோங்க டீச்சர்" என்றார்.